மண்ணீரலை நீக்குவதா, மருந்தோடு வாழ்வதா?

"இவ்வுறுப்பை எடுத்துவிடலாம்" என்று வைத்தியர் சொல்லக் கேட்டவுடன் நம் குடும்பங்களில் எழும் முதற் கேள்வி, "எடுத்தால் உயிருக்கு ஆபத்து உண்டா?" என்பதாகும். "எடுக்காவிட்டால் என்ன நேரும்?" என்பது அடுத்த கேள்வி. மூன்றாவதாக ஒரு கேள்வியும் உண்டு. அதைக் கேட்போர் சிலரே. "எடுத்த பின்னர் நாம் எங்கே, எவ்வாறு வாழப்போகிறோம்?" என்பதே அது. இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட பொருளில் இம்மூன்றாம் கேள்வியே தலையாயது என்பதை வாசகர்கள் போகப்போகக் காண்பார்கள்.

தேயிலையின் பொற்பள்ளத்தாக்கு எனப் பெயர் பெற்ற பொகவந்தலாவையில், கெசல்கமு ஓயாவின் இரு மருங்கிலும் ஏறிச் செல்லும் மலைச் சரிவுகளில் கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தியை நினைத்துக்கொள்வோம். வயது முப்பது இருக்கும். கூடை தூக்கிய தோளிலே கன்றிய நீலத் தழும்பு. கால்களிலே கடுகளவு செம்புள்ளிகள். பல் துலக்கினால் ஈறிலிருந்து உதிரம். மாதவிலக்கோ பத்து நாளாகியும் நின்றபாடில்லை. தழும்பைக் கண்ட அயலார், "யார் அடித்தது?" என்று கேட்கிறார்கள். அவளை யாரும் அடிக்கவில்லை. அவள் குருதியிலே சிறுதட்டுகள் குறைந்துவிட்டன. இத்தகைய நிலையில் உள்ள ஒருவருக்கு எவ்வெச் சிகிச்சைகள் உள்ளன, அவற்றுள் மண்ணீரலை நீக்கும் சத்திரசிகிச்சைக்கு உரிய இடம் யாது என்பதை ஆராய்வோம்.

நோயின் இயல்பு

நம் குருதியிலே செங்கலங்களும் வெண்கலங்களும் இருப்பதைப் பாடசாலை மாணவரும் அறிவர். அவற்றோடு குருதிச் சிறுதட்டுகள் என்னும் மிக நுண்ணிய துணுக்குகளும் உள்ளன. ஒரு கன மில்லிமீற்றர் குருதியிலே இவை 150,000 முதல் 450,000 வரை இருப்பது இயல்பு. என்பு மச்சையிலே பிறந்து, ஏழு முதல் பத்து நாள் வரை வாழ்ந்து மடிவன இவை. குருதிக் குழாயில் எங்கேனும் கீறல் விழுந்தால் முதன்முதல் ஓடிச் சென்று ஒன்றோடொன்று பற்றிக்கொண்டு ஓட்டையை அடைப்பவை இச்சிறுதட்டுகளே.

உடலைக் காக்கும் பொருட்டுக் கிருமிகளோடு போரிட வேண்டிய பிறபொருளெதிரிகள், சிலருக்கு வழி தவறிச் சொந்தச் சிறுதட்டுகளின் மீதே ஒட்டிக்கொள்கின்றன. வேலியே பயிரை மேய்ந்த கதைதான். அங்ஙனம் அடையாளம் இடப்பட்ட சிறுதட்டுகளை மண்ணீரல் பகையெனக் கருதி விழுங்கிவிடுகிறது. புதிய சிறுதட்டுகளை ஆக்கும் வேகமும் பலரிடத்தில் போதாமற் போகிறது. வைத்தியர்கள் இந்நோயை ஐ.ரி.பி. என்னும் மூன்றெழுத்தாற் குறிப்பிடுவர். சிறுதட்டுகளின் எண்ணிக்கை 100,000-க்குக் கீழே இறங்கி, அதற்கு வேறு காரணம் எதுவும் காணப்படாதபோதே இப்பெயர் சூட்டப்படும்.

"வேறு காரணம் காணப்படாதபோது" என்னும் சொற்களை வாசகர்கள் மனத்திற் கொள்ள வேண்டும். இந்நோயைக் கண்டுபிடிக்கத் தனியான ஒரு பரிசோதனை கிடையாது. மற்றவை ஒவ்வொன்றாக விலக்கப்பட்டு எஞ்சி நிற்பதே இது. பரிசோதனைக் குழாயிலே சிறுதட்டுகள் கட்டியாகத் திரண்டு, எண்ணும் பொறியை ஏமாற்றுவதும் உண்டு. ஆகையால் குருதியைக் கண்ணாடித் தகட்டிற் பூசி நுணுக்குக்காட்டியிற் பார்த்தல் இன்றியமையாதது. டெங்குக் காய்ச்சலிலும் சிறுதட்டுகள் குறையும். 2017-ஆம் ஆண்டில் இலங்கையில் ஏறக்குறைய 186,000 பேரை டெங்கு பீடித்தபோது, சிறுதட்டு என்னும் சொல் வீட்டுக்கு வீடு புழங்கிற்று. ஆனால் டெங்கில் எண்ணிக்கை தானே சில நாளில் ஏறிவிடும். ஐ.ரி.பி. என்பது காய்ச்சலின்றி வந்து, பெரியோரிடத்தில் மாதக் கணக்காகவோ ஆண்டுக் கணக்காகவோ நிலைத்திருப்பது.

நம் மலைநாட்டில் இன்னொரு குழப்பமும் உண்டு. அட்டை கடித்த இடத்தில் உதிரம் நெடுநேரம் வடிவதைக் கண்டு சிலர் இந்நோயென அஞ்சுவர். அட்டை தன் உமிழ்நீரில் குருதி உறையாமற் செய்யும் பொருளொன்றைச் செலுத்துகிறது. நல்ல உடம்பிலும் அதனால் உதிரம் நெடுநேரம் ஒழுகும். ஆகவே அட்டைக்கடியை அளவுகோலாகக் கொள்ளலாகாது. காலிலுள்ள செம்புள்ளிகளின் மேல் கண்ணாடிக் கோப்பை ஒன்றை அழுத்திப் பாருங்கள். அழுத்தியும் நிறம் மறையாவிடின் அவை தோலுக்குள் கசிந்த குருதிப் புள்ளிகள். அப்பொழுது காலந் தாழ்த்தாது வைத்தியரிடம் செல்ல வேண்டும்.

மண்ணீரல் செய்யும் பணி

இடப்பக்க விலா எலும்புகளின் கீழே, இரைப்பைக்குப் பின்புறமாக மறைந்து கிடப்பது மண்ணீரல். சுகதேகிகளுக்கு அது கைக்குத் தட்டுப்படாது. இலங்கையின் பழைய வைத்திய வரலாற்றில் இவ்வுறுப்பு பெரும் பெயர் பெற்றது. மலேரியாவினால் அது வீங்கும். ஆகையால் பாடசாலைப் பிள்ளைகளின் வயிற்றைத் தடவி, நூற்றுக்கு எத்தனை பேருக்கு மண்ணீரல் பருத்திருக்கிறதெனக் கணக்கெடுத்து, ஊரின் மலேரியா நிலையை அக்காலத்தார் அளந்தனர். 1934-35-ஆம் ஆண்டுகளில் பரவிய மலேரியா ஏறக்குறைய 80,000 உயிர்களைக் கொண்டுபோயிற்று. உயர்ந்த தேயிலை மலைகள் குளிரின் காரணமாகப் பெரும்பாலும் தப்பின. 2016-ஆம் ஆண்டு செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது.

ஐ.ரி.பி. நோயில் மண்ணீரல் பொதுவாக வீங்குவதில்லை. வைத்தியரின் கைக்கு அது தெளிவாகத் தட்டுப்பட்டால், வேறு நோயைத் தேட வேண்டும் என்பது பொருள்.

சிறுதட்டுகளின் மூன்றிலொரு பங்கை இது தன்னுள் சேமித்து வைக்கிறது. முதிர்ந்த செங்கலங்களைக் கழித்துவிடுகிறது. இவற்றையெல்லாம் விட முக்கியமாக, சில கொடிய கிருமிகளைக் குருதியிலிருந்து வடித்தெடுக்கிறது. கடைசியிற் சொன்ன பணியே நம் தராசின் மறுதட்டில் வைக்கப்படும் கல்.

பிராக் நகரமும் சென் லூயிஸ் நகரமும்

இந்நோயின் தோற்றத்தை 1735-ஆம் ஆண்டிலேயே ஜெர்மானிய வைத்தியர் வேர்ல்ஹோவ் விவரித்துள்ளார். மண்ணீரலை நீக்கினால் இது தீரும் என்னும் எண்ணம் பிறந்ததோ 1916-ஆம் ஆண்டில், பிராக் நகரில். அதை எண்ணியவர் பெரும் பேராசிரியர் அல்லர். போல் கஸ்னெல்சன் என்னும் மருத்துவ மாணவர். சிறுதட்டுகள் மண்ணீரலில் அழிகின்றன, ஆதலால் அதை அகற்றினால் அவை பெருகும் என்று அவர் கருதினார். சத்திரசிகிச்சைப் பேராசிரியர் ஷ்லொபர் அவர் சொல்லை ஏற்று, நெடுநாளாக உதிரப்போக்கினால் வருந்திய பெண்மணி ஒருவரின் மண்ணீரலை நீக்கினார். சிறுதட்டுகள் மளமளவென ஏறின. அன்று தொடங்கி ஏறக்குறைய முப்பத்தைந்து ஆண்டுக் காலம் இந்நோய்க்கு இதனையன்றி வேறு சிறந்த சிகிச்சை இருக்கவில்லை.

எனினும், அது ஏன் பயன் தருகிறது என்பது விளங்காமலே இருந்தது. 1950-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரில் பணியாற்றிய இளம் வைத்தியர் வில்லியம் ஹரிங்டன், நோயாளிப் பெண் ஒருவரின் குருதியை எடுத்துத் தம் உடம்பிலேயே ஏற்றிக்கொண்டார். சில மணி நேரத்துக்குள் அவருடைய சிறுதட்டுகள் அடியோடு சரிந்தன, வலிப்பும் கண்டது, உடலெங்கும் புள்ளிகள் தோன்றின. சில நாள் கழித்தே எண்ணிக்கை மீண்டது. நோயாளியின் குருதியில் சிறுதட்டுகளை அழிக்கும் பொருளொன்று இருக்கிறது என்பது அதனால் உறுதியாயிற்று. 1951-இல் இவ்வாராய்ச்சி வெளியாயிற்று. அழிப்பது பிறபொருளெதிரி என்று தெரிந்த பின்னர், அதனை அடக்கும் மருந்துகளைத் தேடும் வழியும் திறந்தது.

மருந்துகளின் வரிசை

முதலாவதாக, மருந்தே கொடாமல் காத்திருப்பதும் ஒரு சிகிச்சையே என்பதைச் சொல்லிவிடுகிறோம். சிறுதட்டு 30,000-க்கு மேலிருந்து, உதிரப்போக்கு இல்லாமலோ மிகச் சிறிதாகவோ இருந்தால், பெரியோரிடத்தில் பொதுவாகக் காத்திருந்து கவனிப்பதே முறை. எண்ணிக்கைக்குச் சிகிச்சை செய்வதினும் உதிரப்போக்குக்குச் சிகிச்சை செய்வதே வைத்தியரின் நோக்கமாக இருத்தல் வேண்டும்.

சிகிச்சை வேண்டுமெனின், முதலில் கொடுக்கப்படுவது பிரெட்னிசலோன் அல்லது டெக்சாமெதசோன். இவை மலிவானவை, அரசாங்க வைத்தியசாலைகளில் நெடுங்காலமாகப் புழங்குபவை. நோயாளரிற் பெரும்பாலோருக்கு ஓரிரு வாரத்துக்குள் எண்ணிக்கை ஏறும். ஆயினும் மருந்தைக் குறைத்ததும் மறுபடி சரிவோரே மிகுதி. நெடுநாள் உட்கொண்டால் முகம் ஊதும், நீரிழிவும் குருதியமுக்கமும் தலைகாட்டும், எலும்பு நலியும், இரைப்பை புண்படும், உறக்கம் கெடும். ஆகவே ஆறு வாரத்துக்கு மேல் இதனை நீட்டலாகாது என்பது இக்காலத்தார் கொள்கை. ஆயினும் ஊதிய முகத்தைக் கண்டு பயந்து மருந்தைத் தாமாகத் திடீரென நிறுத்துவது பெருந்தீங்கு. படிப்படியாகவே குறைக்க வேண்டும்.

அவசர வேளைக்குரியது நாளம் வழியாகச் செலுத்தப்படும் இம்யூனோகுளோபுலின். 1981-இல் சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகர வைத்தியர் போல் இம்பாக் இதனைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பயன் கண்டார். ஓரிரு நாளிலேயே எண்ணிக்கை ஏறும். பயனோ சில வாரமே நிற்கும், விலையும் அதிகம். கடும் உதிரப்போக்கின் போதும், சத்திரசிகிச்சைக்கோ பிரசவத்துக்கோ முன்னரும் இது உதவும்.

மூன்றாவது ரிட்டுக்சிமாப். பிறபொருளெதிரியை ஆக்கும் கலங்களை இது குறைக்கிறது. பாதிக்கு மேற்பட்டோருக்கு முதலிற் பயன் தெரியும். ஐந்தாண்டு கடந்தும் அப்பயன் நீடிப்போர் நாலில் ஒருவர் அளவினரே. இதனைக் கொடுக்குமுன் செங்கண்மாரி பி கிருமி குருதியில் ஒளிந்திருக்கிறதா எனப் பார்த்துக்கொள்வது கட்டாயம்.

நாலாவது, என்பு மச்சையைத் தூண்டிச் சிறுதட்டுகளை அதிகம் ஆக்கச் செய்யும் மருந்துகள். எல்ட்ரொம்போபாக் என்னும் மாத்திரையும் ரொமிப்லொஸ்ரிம் என்னும் வாரம் ஒருமுறை ஏற்றும் ஊசியும் 2008-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. உட்கொள்வோரில் பெரும் பகுதியினருக்கு எண்ணிக்கை ஏறுகிறது. குறை என்னவெனில், பலர் இவற்றை நெடுங்காலம் தொடர வேண்டியிருக்கும். விலையும் ஏழைகளுக்கு எளிதன்று. குருதி கட்டும் அபாயமும் சிறிதளவு உண்டு. எல்ட்ரொம்போபாக் மாத்திரையைப் பாலோடும் பால் கலந்த தேநீரோடும் சேர்த்து உட்கொண்டால் அது உடலிற் சேராது. பாலுணவுக்கு இரண்டு மணி நேரம் முன்னரோ, நாலு மணி நேரம் பின்னரோ உட்கொள்ள வேண்டும். காலையிலே பால் தேநீரோடு மருந்து விழுங்கும் பழக்கமுள்ள நம்மவர் இதனைக் குறித்துக்கொள்ளுதல் நலம்.

இவையன்றி அசதயோப்பிரின், மைக்கோபினொலேற்று, டாப்சோன் போன்ற பழைய, மலிவான மருந்துகளும் உண்டு. மெதுவாக வேலை செய்வன எனினும், நம் போன்ற நாடுகளில் அவற்றுக்கு இன்றும் இடம் இருக்கிறது. பப்பாசி இலைச் சாறு இந்நோய்க்கு மருந்தென நிறுவப்படவில்லை. அதை நம்பி மாத்திரையை விடுவோர் ஆபத்தை விலைக்கு வாங்குகிறார்கள்.

கத்தியின் பயனும் கேடும்

இனி மண்ணீரலை நீக்கும் வழியைப் பார்ப்போம். பல ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2004-ஆம் ஆண்டில் வெளியான மதிப்பீட்டின்படி, சத்திரசிகிச்சை பெற்ற பெரியோரில் நூற்றுக்கு 66 பேருக்குச் சிறுதட்டுகள் இயல்பு நிலைக்கு மீண்டன. வேறெந்தச் சிகிச்சையும் இத்துணை நிலையான பயனை இத்தனை பேருக்குத் தந்ததில்லை. பழைய முறையில் வயிற்றைத் திறந்து செய்தபோது நூற்றுக்கு ஒருவரும், 1991-ஆம் ஆண்டு முதல் வழக்கிற்கு வந்த சிறு துளை வழியாகச் செய்யும் முறையில் ஆயிரத்துக்கு இருவரும் இறந்தனர் என அதே மதிப்பீடு கூறுகிறது. ஒருமுறை செய்து தீர்ந்தால் மாத்திரை இல்லை. மாதந்தோறும் கிளினிக் இல்லை. முகம் ஊதுதல் இல்லை.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். மூவரில் ஒருவருக்கு நிலைத்த பயன் இல்லை. யாருக்குப் பயன்படும், யாருக்குப் பயன்படாது என முன்கூட்டி உறுதியாகச் சொல்ல எல்லா இடத்திலும் வசதி கிடையாது. பத்தில் ஒருவர் அளவினருக்குத் துணை மண்ணீரல் என்னும் சிறு உருண்டை ஒன்று தனியே இருக்கும். அதனை விட்டுவிட்டால் நோய் மீளலாம். ஈரலுக்குச் செல்லும் நாளத்திலும் பிற இடங்களிலும் குருதி கட்டுவதும் உண்டு. எடுத்த உறுப்பைத் திரும்ப வைக்கவோ இயலாது. மாத்திரை பிடிக்காவிட்டால் நிறுத்தலாம். கத்தி சென்ற வழி ஒருவழிப் பாதை.

இவற்றுக்கெல்லாம் மேலான கேடு காய்ச்சல். 1952-ஆம் ஆண்டில் கிங், ஷூமாக்கர் என்னும் இரு சத்திரசிகிச்சை நிபுணர்கள், மண்ணீரல் நீக்கப்பட்ட கைக்குழந்தைகள் பின்னர் கடுங் கிருமித் தொற்றுக்கு ஆளானதை எழுதி உலகை எச்சரித்தனர். பெரியோருக்கும் இவ்வபாயம் உண்டு. நியூமோகொக்கஸ் முதலிய கிருமிகள் குருதியிற் புகுந்தால், அவற்றை வடிக்க மண்ணீரல் இல்லாமையால் மணிக்கணக்கில் பெருகிவிடும். காலையில் நடுக்கம், மாலையில் மயக்கம், மறுநாள் மரணம் என்னும் வேகத்தில் அது நடந்துவிடக்கூடும். இது அடிக்கடி நேர்வதன்று. ஆனால் நேர்ந்தால் பாதிப்பேர் வரை பிழைப்பதில்லை. அபாயமும் ஆயுள் முழுவதும் தொடரும்.

இதனாற்றான் சத்திரசிகிச்சைக்குக் குறைந்தது இரண்டு வாரத்துக்கு முன்னரே நியூமோகொக்கஸ், மெனிங்கொகொக்கஸ், ஹீமோபிலஸ் என்னும் மூவகைக் கிருமிகளுக்கும் தடுப்பூசி ஏற்றப்படுகிறது. இங்கே ஒழுங்கு முறை ஒன்று உண்டு. ரிட்டுக்சிமாப் ஏற்றிய பின் ஆறு மாத காலம் வரை தடுப்பூசிகள் சரியாகப் பிடிப்பதில்லை. பின்னொரு நாளில் மண்ணீரலை எடுக்க நேரலாம் என்று தோன்றினால், ரிட்டுக்சிமாபுக்கு முன்னரே தடுப்பூசி போட்டுக்கொள்ளலாமா என வைத்தியரைக் கேட்பது அறிவுடைமை.

மலைநாட்டின் தராசு

நூல்களில் எழுதப்பட்டிருப்பது யாவர்க்கும் பொது. வாழும் இடமோ ஒவ்வொருவருக்கும் வேறு. பொகவந்தலாவையின் மேற்பிரிவு லயம் ஒன்றிலிருந்து கண்டியிலோ கொழும்பிலோ உள்ள குருதியியல் நிபுணரைக் காணப் போகும் ஒருத்தி, விடியுமுன் எழுந்து, மலையிறங்கி, நோர்வூட், டிக்கோயா, ஹட்டன் என்று பஸ் மாறிச் செல்ல வேண்டும். அன்றைய பேர் போய்விடும்; உடன் செல்பவரின் பேரும் போய்விடும். மருந்து இலவசமாகவே கிடைத்தாலும் பயணம் இலவசமன்று. மாதந்தோறும் இவ்வாறு செல்வதைக் கணக்கிட்டால், ஒரே முறையில் முடியும் சத்திரசிகிச்சையே ஏழைக்கு ஏற்றதெனத் தோன்றும்.

அதே தூரம் மறுதட்டிலும் ஏறி நிற்பதைக் கவனியுங்கள். மண்ணீரல் இல்லாத ஒருத்திக்கு நள்ளிரவிலே குளிர்காய்ச்சல் கண்டால், விடியும்வரை கைமருந்தோடு காத்திருக்க முடியாது. அடைமழைக் காலத்தில் மலைப்பாதையில் மண் சரிந்திருக்கலாம். ஆகையால் மருந்து வழியின் தூரம் காசைத் தின்கிறது. கத்தி வழியின் தூரம் உயிரைத் தின்னக் கூடியது. முன்னையது மாதந்தோறும் நிச்சயமாக வருவது. பின்னையது வாராமலே போகவும் கூடும். இவ்விரண்டையும் எடையிட்டுப் பார்ப்பதே உண்மையான தீர்மானம்.

நல்ல வேளையாக, வழிகள் முன்னையினும் இன்று குறுகியுள்ளன. டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலையின் புதிய கட்டடம் இந்திய உதவியோடு அமைக்கப்பட்டு 2017-ஆம் ஆண்டு மே மாதம் 12-ஆம் நாள் திறக்கப்பட்டது. 1990 என்னும் இலக்கத்தைத் தொலைபேசியில் அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வண்டி வரும். மண்ணீரல் எடுத்தவர் வீட்டில் வைத்தியர் கொடுத்த கிருமிகொல்லி மாத்திரை எப்பொழுதும் இருக்க வேண்டும். காய்ச்சல் கண்டவுடன் முதல் மாத்திரையை விழுங்கிவிட்டே வண்டியை அழைக்க வேண்டும். "எனக்கு மண்ணீரல் இல்லை" என்று எழுதிய அட்டை ஒன்றைத் தேசிய அடையாள அட்டையோடு வைத்திருப்பது உயிர் காக்கும். நாய் கடித்தாலும் இவர்கள் உடனே கிருமிகொல்லி பெற வேண்டும். தமிழ்நாட்டுக்கு உறவினரைக் காணவோ யாத்திரையாகவோ செல்லுமுன் மலேரியாத் தடுப்பு மருந்தைப் பற்றிக் கேட்க வேண்டும். இலங்கையில் மலேரியா ஒழிந்தாலும் இந்தியாவில் ஒழியவில்லை.

யார் யாருக்கு எது?

ஆறு வயதுப் பிள்ளைக்கு ஒரு சளிக்காய்ச்சலுக்குப் பின் உடலெங்கும் புள்ளி தோன்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பிள்ளைகளில் நால்வர் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தாமாகவே குணமடைவர். புள்ளிகளைத் தவிர வேறு உதிரப்போக்கு இல்லாவிடின், மருந்துகூட வேண்டாமென்று வைத்தியர் கூறுவர். அதனைக் கேட்டு, "நம் பிள்ளையைக் கவனிக்கவில்லை" என்று பெற்றோர் மனம் நோகலாகாது. முரட்டு விளையாட்டைத் தவிர்த்துக் காத்திருந்தாற் போதும். ஐந்து வயதுக்குட்பட்டோருக்கு மண்ணீரல் நீக்கத்தை வைத்தியர்கள் இயன்றவரை தவிர்ப்பர்.

நோய் தொடங்கி மூன்று மாதமே ஆன இளம்பெண்ணுக்கும் சத்திரசிகிச்சை அவசரமன்று. ஓராண்டாவது பொறுப்பதே இக்காலத்து வழிகாட்டல். அதற்குள் தாமாகவோ மருந்தினாலோ தேறுவோர் உண்டு. திரும்பி வாராத உறுப்பை அவர்கள் வீணே இழக்க வேண்டியதில்லை.

நோய் இரண்டாண்டாக நீடித்து, பிரெட்னிசலோனைக் குறைக்கும்போதெல்லாம் உதிரம் கொட்டி, சர்க்கரையும் ஏறத் தொடங்கிய நடுவயதினர் ஒருவரை எண்ணுவோம். விலையுயர்ந்த மாத்திரை தொடர்ந்து கிடைக்கும் உறுதி இல்லை. காய்ச்சல் வந்தால் அழைத்துச் செல்லக் குடும்பத்தில் ஆள் உண்டு. இத்தகையவருக்குச் சத்திரசிகிச்சை தக்க வழியே. அறுபத்தெட்டு வயதில், இருதய நோயும் நீரிழிவும் உள்ளவருக்கோ அதன் பயன் குறைவு, ஆபத்து அதிகம். அவருக்கு மருந்தே ஏற்றது.

பிள்ளைப்பேற்றை எதிர்நோக்கும் பெண்களுக்கு ஒரு சொல். இந்நோய் தாய்மைக்குத் தடையன்று. கருவுற்ற காலத்துக்கு ஏற்ற மருந்துகள் உண்டு. ஆயினும் மண்ணீரலை நீக்கிச் சிறுதட்டு இயல்பாகிவிட்ட தாயின் குருதியிலும் பிறபொருளெதிரிகள் எஞ்சியிருந்து, தொப்புட்கொடி வழியே குழந்தையை அடையக்கூடும். தாய்க்கு எண்ணிக்கை சரியாக இருந்தும் சிசுவுக்குக் குறைவாக இருக்கலாம். "அது எப்பொழுதோ தீர்ந்த நோய்" என்று எண்ணிச் சொல்லாமல் விடாது, குடும்ப நல உத்தியோகத்தரிடமும் வைத்தியரிடமும் பழைய வரலாறு முழுவதையும் சொல்லிவிட வேண்டும்.

கேட்க வேண்டியவை

வைத்தியர்முன் அமர்ந்ததும் நம்மவருக்கு நா எழுவதில்லை. "ஐயா சொன்னாற் சரி" என்று கையொப்பம் இட்டுவிட்டு, வெளியே வந்து தாதியிடம் விவரம் கேட்பர். கேள்வி கேட்பது மரியாதைக் குறைவன்று. கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இவற்றை எழுதிக்கொண்டு செல்லுங்கள். என் நோய் ஐ.ரி.பி. தான் என்பது எவ்வாறு உறுதியாயிற்று? நோய் தொடங்கி எத்தனை மாதம் ஆயிற்று, இன்னும் பொறுக்கலாமா? மிஞ்சியுள்ள மருந்துகள் எவை, அவை நம் வைத்தியசாலையில் தடையின்றிக் கிடைக்குமா? சத்திரசிகிச்சை சிறு துளை வழியாகவா, வயிற்றைத் திறந்தா? தடுப்பூசிகள் எப்போது? இராக் காலத்தில் காய்ச்சல் கண்டால் நான் முதலிற் செல்ல வேண்டிய இடம் எது? கடைசிக் கேள்விக்குத் தெளிவான விடை கிடைக்காதவரை, சத்திரசிகிச்சைக்கு நாட்குறிக்க வேண்டாம் என்பது நம் கருத்து.

எவ்வழியை மேற்கொண்டாலும் எல்லோருக்கும் பொதுவான சில உள. சிறுதட்டு குறைந்திருக்கும் காலத்தில் அஸ்பிரின், இபுபுரோபன் போன்ற நோவு மாத்திரைகளை உட்கொள்ளற்க. நோவுக்குப் பரசிற்றமோல் போதும். கடுந்தலையிடி, வாந்தி, மலம் கருத்துப் போதல், வாயினுள் குருதிக் கொப்புளம் ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் மறுநாட் கிளினிக்குக்கு நாள் பாராது உடனே புறப்படுக. மாதவிலக்கு மிகுதியைப் பெண்கள் வெட்கத்தினால் மறைத்தல் கூடாது. தோட்டப் புறங்களில் பெண்களின் சோகைக்கு உணவுக் குறையையே காரணமாகச் சொல்லிவிடுவது வழக்கம். அதன் அடியில் இந்நோய் ஒளிந்திருப்பதும் உண்டு.

தீர்மானம் நோயாளியுடையது. ஆயினும் அவர் தனியே செய்வதன்று அது. இரவிலே வண்டியை அழைப்பவரும், தடுப்பூசி நாளை நினைவூட்டுபவரும், பால் தேநீரைச் சற்றுப் பிந்திக் கொடுப்பவரும் குடும்பத்தாரே. ஆகையால் அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது கணவனோ மனைவியோ, படித்த பிள்ளை ஒன்றோ உடன் சென்று, வைத்தியர் சொல்வதை எழுதிக்கொண்டு வருவார்களாக. அன்று மாலை எல்லோரும் கூடியிருந்து அதனைப் படித்துப் பார்த்தபின் முடிவு செய்வார்களாக.